தொட்டிலிலேயே மரம் சீவியவர்

முனியாண்டிக்கு நான் தொள்ளாயிரம் வெள்ளி கடன்பட்டிருந்தேன். முப்பத்து மூன்று வருஷத்துக் கடன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த மனிதரைப் பற்றி இனி நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு, "கடனைக் கொடுக்காதவன், அதான் இப்படி எழுதுகிறான்" என்று நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினொரு வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி, அப்புறம் லோரிக்கு எடுபிடியாகி, டிரைவராகி, இன்றைக்கு நான்கு லோரிக்கும் தெமியாங்கில் ஒரு கடைவீட்டுக்கும் சொந்தக்காரனாக இருக்கும் இந்தத் தர்மராஜ் உங்கள் பேச்சுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நெகிரி செம்பிலான் தோட்டப் பக்கங்களில் 'உழைத்த கைக்காரர்' என்று ஓர் இனம் உண்டு. உழைக்கிறவர்கள் வேறு, இவர் வேறு. உழைக்கிறவன் வீட்டுக்கு வந்து கையைக் கழுவிச் சோறு தின்று படுத்துவிடுவான். அவனுக்குத் தன் கையைப் பார்க்க நேரம் ஏது? உழைத்த கைக்காரரோ வேலையை விட்டு ஒரு தலைமுறை ஆகியிருக்கும். ஆனால் அவருடைய கை மட்டும் ஓய்வு பெறாமல் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்: கல்யாண மண்டபத்துக்கு, கோயில் கூட்டத்துக்கு, ஒட்டுக்கடை டீ மேசைக்கு, ஏன், சாவு வீட்டுக்கும்கூட.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கடையில் யாராவது ஒரு பையன், "வேல ரொம்ப கஷ்டம் மாமா, ஏர்கோன் வேற சரியா ஓட மாட்டேங்குது" என்று வாய் தவறிச் சொல்லட்டும். அடுத்த நொடி மேசையில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மரக்கட்டை விழுந்துவிட்டது என்று குனிந்து தேடாதீர்கள். உள்ளங்கை விழுந்திருக்கிறது.

"பாத்தியாடா?"

பார்க்க வேண்டும்.

"சும்மா பாத்தா எப்டி? தொட்டுப் பாருலா!"

தொட வேண்டும். தொட்ட பிறகு நாக்கைத் தட்டி ஒரு 'த்சு' போட வேண்டும். அந்த 'த்சு'வை விட்டுவிட்டால் ஆபத்து, பிரசங்கம் முதலிலிருந்து தொடங்கிவிடும். "நாலு மணிக்கு எந்திரிச்சு, இருட்டுல பெரட்டுல நின்னு பேரு குடுத்து, நெத்தியில விளக்கு, கையில கத்தி, காலுல அட்டை, ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம்டா, ஐந்நூறு!" இந்த மரக்கணக்கு வருஷத்துக்கு வருஷம் வளரும். எனக்கு அவரைத் தெரிய வந்த காலத்தில் அது முந்நூற்றைம்பதாக இருந்தது. தோட்டத்தையே அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். முனியாண்டியின் மர நெரையில் மட்டும் இன்னும் ரப்பர் கன்று துளிர்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த இனத்தில் கிளைகள் உண்டு. முதுகுவலிக்காரர் ஒருவர்; குனியும்போதெல்லாம் அவர் தூக்கிய மூட்டைகளின் எடையை நமக்குச் சொல்லிவிட்டுத்தான் நிமிர்வார். கெமாஸ் ரயில் பாதையில் கட்டை மாற்றியவர் ஒருவர்; வீட்டு மெத்தையில் உட்காரும்போதுகூடத் தண்டவாளத்தில் உட்காருகிற பாவனைதான். ஆனால் இவர்கள் எல்லாம் சிற்றரசர்கள். ரந்தாவ் வட்டாரத்துக்குச் சக்கரவர்த்தி முனியாண்டிதான்.

நியாயமாகப் பேச வேண்டும், அந்தக் கை சாதாரணக் கை இல்லை. உள்ளங்கை முழுவதும் மெழுகு மாதிரி மஞ்சளாகத் தடித்து, செருப்பின் அடித்தோல் கனத்துக்கு இருக்கும். அந்தத் தடிப்பு மணிக்கட்டு வந்ததும் கோடு கிழித்தது போல் சட்டென்று நின்றுவிடும். ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு கரை, வேட்டிக்குக் கரை போட்ட மாதிரி. காலும் அப்படியே. அடுப்பிலிருந்து சட்டியைத் துணியில்லாமல் இறக்குவார். பூசையில் கற்பூரத்தை உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டு மூன்று சுற்று வருவார். தீமிதியில் இருபத்தாறு வருஷம் பூசாரிக்கு அடுத்து இறங்கும் முதல் கால் அவருடையதுதான். ஒரு கொப்புளம் கிடையாது. அம்மன் அருள் என்று அவரும் சொன்னார், நாங்களும் சொன்னோம். அம்மனைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், அவள் எனக்கு நான்கு லோரி கொடுத்திருக்கிறாள். பேச்சு காலைப் பற்றித்தான்.

மழைக்காலத்தில் தோல் வெடித்து ரத்தம் கசியும் நாட்களில் மட்டும் இரண்டு கையும் சிலுவார் கால்சட்டைப் பைக்குள் போய்விடும். அந்த நாட்களில் அவர் அரசியல் பேசுவார்.

நானும் மரம் சீவியவன்தான். எனக்கும் கை காய்த்திருந்தது. லோரிக்குப் போன நாலைந்து வருஷத்தில் காய்ப்பெல்லாம் உதிர்ந்து, கை பழையபடி கையாகிவிட்டது. அதைப் பிடித்துப் பார்த்து, நாலு பேருக்கு நடுவில் முனியாண்டி கேட்டார்: "என்னா தர்மராஜு, இது கையா, கேக்கா?" சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குக் கேட்ட அந்தக் கேக்கை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் மனதில் தங்கிவிட்டது. கத்தியை விட்டு ஐந்து வருஷத்தில் என் காய்ப்பு போய்விட்டதே, தொண்ணூற்று நாலில் கத்தியை விட்ட இவருக்கு ஏன் போகவில்லை? தோட்டத்தில் எங்கள் யாருக்கும் பென்ஷன் கிடையாது. இவருடைய காய்ப்புக்கு மட்டும் யார் பென்ஷன் கொடுத்தார்கள்?

கேட்க வாய் இல்லை. அதுதான் தொள்ளாயிரம் வெள்ளி இருக்கிறதே!

தொண்ணூற்று இரண்டில் என் முதல் லோரியை, பழைய லோரிதான், வாங்கப் போனபோது தொள்ளாயிரம் குறைந்தது. அப்போதுதான் முனியாண்டிக்குச் சீட்டு விழுந்திருந்தது. கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். அதை நான் மறைக்கமாட்டேன். ஆறு மாசம் கழித்துப் பணத்தோடு போனேன். கை திறக்கவில்லை.

"இது குடுக்குற கை, தர்மராஜு. வாங்குற கை இல்ல. வச்சிக்க."

பெரிய மனசு என்று நினைத்து மெய்சிலிர்த்து வீடு திரும்பினேன். அடுத்த மாசம் ஒரு கல்யாணத்தில், வாசலில் நின்ற என் லோரியைக் காட்டி அவர் சொன்னது காதில் விழுந்தது: "அந்த லோரியோட மொதச் சக்கரம் இந்தக் கைதான்." ஒரு சக்கரம் என்றாரா? இரண்டு வருஷத்தில் அது நான்கு சக்கரமாயிற்று. பிறகு எஞ்சினையும் சேர்த்துக்கொண்டார். நான் இரண்டாவது லோரி வாங்கினேன், அதுவும் அந்தக் கைதான். தெமியாங் கடைவீட்டுக்கு நான் வங்கியில் கடன் எடுத்துப் பதினெட்டு வருஷம் கட்டினேன். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர் சுவரில் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வருஷம் தவறாமல் பணத்தைக் கொண்டுபோனேன். வருஷம் தவறாமல் கை மூடியே இருந்தது. வட்டி வாங்காத மனிதர் என்று ஊரில் அவருக்குப் பெயர். வட்டியைக் காசாக வாங்கவில்லை, அவ்வளவுதான்.

இனி இந்துமதியின் கதை.

முனியாண்டிக்கு நான்கு பிள்ளைகள். கடைசிப் பெண் இந்துமதி. பிறந்து எட்டு மாசத்திலேயே அவளுடைய உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகத் தடிக்கத் தொடங்கின. அதே தடிப்பு. அதே சிவப்புக் கரை. ஊர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அப்பன் கை' என்று சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல முடியும்? அப்பன் கை மரம் சீவிச் சீவிக் காய்த்த கை ஆயிற்றே! எட்டு மாசக் குழந்தை எந்த நெரையில் மரம் சீவியது? ஆகவே முனியாண்டியே ஒரு காரணம் கண்டுபிடித்தார். "அவ ஆத்தா சவுக்காரத் தூள அள்ளி அள்ளிப் போட்டுத் துணி தொவைப்பா. அதே கையோட புள்ளையத் தூக்குனா வேற என்னா ஆவும்?" அந்தப் பாவப்பட்ட மனைவி அந்தப் பழியைச் சுமந்துகொண்டே போய்ச்சேர்ந்தாள்.

ஒரே தோல். அப்பனிடம் இருந்தால் பதக்கம், மகளிடம் இருந்தால் சீக்கு.

அவர் கையை விரித்துக்கொண்டே வாழ்ந்தார். அவள் மூடிக்கொண்டே வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் கைகோத்து விளையாடும் விளையாட்டு எதற்கும் அவள் போனதில்லை. மருதாணி வைத்துக்கொண்டதில்லை. கல்யாணத்தன்று தாரை வார்க்கும்போது அவள் கையில் வெற்றிலையைப் பரப்பி வைத்தார்கள். சடங்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயசு. கையுறை செய்கிற ஒரு தொழிற்சாலையில் கேண்டீன் எடுத்து நடத்துகிறாள். வீட்டுக்காரருக்கு இடுப்பில் அடிபட்டு ஒரு வருஷமாக வேலை இல்லை. இரண்டு பையன்களின் சோறும் படிப்பும் அந்தக் கேண்டீனில்தான் வேகிறது. எப்போதும் கையுறை போட்டுக்கொண்டுதான் பரிமாறுவாள். சுத்தக்காரி என்று அவளுக்கு அங்கே நல்ல பெயர்.

ஒரு நாள் கையுறை கிழிந்து மாற்றும்போது யாரோ ஒருவன் கைபேசியில் படம் பிடித்துவிட்டான். மத்தியானத்துக்குள் தொழிற்சாலை வாட்சாப் முழுக்க அந்தக் கை. கீழே ஒரு வரி: 'இந்தக் கைதான் உங்க சோத்தப் பெசையுது.' ஒருத்தி தொற்று என்றாள். இன்னொருத்தி குஷ்டம் என்றாள். மறுநாள் பானை நிறையக் கறி அப்படியே மிஞ்சியது. மேனேஜர் இந்துமதியைக் கூப்பிட்டு, பத்து நாளில் தோல் டாக்டரிடமிருந்து கடிதம் வேண்டும், இல்லையென்றால் கேண்டீனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

சிரம்பானில் ஒரு தோல் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். டாக்டர் ஷ்வேதா, சின்ன வயசு. கையைப் பார்த்ததுமே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்காக்கா? அம்மா, அப்பா?"

"அப்பாவுக்கு இருக்கு டாக்டர். ஆனா அது வேலை செஞ்சு வந்தது."

"அப்பாவ நேர்ல கூட்டிட்டு வாங்க. அவங்களுக்குப் பொறந்ததுலேருந்தே இருந்தா, பரம்பரைன்னு இன்னிக்கே கடிதம் எழுதிடலாம். இல்லன்னா தோலை வெட்டி, ரத்தம் எடுத்து வெளிய அனுப்பணும். ரிசல்ட் வர ரெண்டு மூணு மாசம் ஆகும்."

அவளிடம் இருந்தது பத்து நாள். ஆறு நாள் அப்பாவிடம் கெஞ்சுவதிலேயே போயிற்று. ஏழாம் நாள் என்னிடம் வந்தாள். "மாமா, நீங்க சொன்னாக் கேப்பாரு. உங்க கூடத்தான் அவரு நெறையப் பேசுவாரு."

என்னோடு இல்லையம்மா, என் லோரிகளோடு என்று சொல்ல வந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன். பொய் சொல்வானேன், உள்ளே அந்தப் பழைய கேக்கும் குதித்துக்கொண்டிருந்தது.

போனேன். தனியாகப் போகவில்லை, இந்துமதியும் கூட வந்தாள். முனியாண்டியின் அக்கா முத்தாயிக்கு எண்பத்து மூன்று வயசு. தம்பியைவிட ஏழு வயசு மூத்தவள். காது மந்தம், வாய் மந்தமில்லை. போகிற வழியில் அவளையும் காரில் ஏற்றிக்கொண்டேன்.

"நான் எதுக்குடா ஆஸ்பத்திரிக்கு? எனக்கென்னா சீக்கா?" என்றார் முனியாண்டி.

"கையக் காட்டணும், அவ்ளோதான். தெனமும் காட்டுறதுதானே?"

"அது வேற."

"எப்டி வேற?"

"கடையில காட்டுனா அது கை. ஆஸ்பத்திரியில காட்டுனா அது சீக்கு."

எத்தனை தெளிவு பாருங்கள்! நான் எழுபத்தொரு வருஷம் வாழ்ந்து தெரிந்துகொள்ளாததை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

"பொறந்ததுலேருந்தே இருந்துச்சான்னு டாக்டர் கேப்பாங்களாம். ஆமான்னு சொல்லுங்க, போதும்" என்றேன்.

"பொய் சொல்லச் சொல்றியா? இது ஒழைச்ச கைடா! மரம் சீவுன கை! இந்தக் கை இல்லன்னா ஒன் லோரி..."

அதுவரை தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்த முத்தாயி கண்ணைத் திறந்தாள்.

"என்னாங்கிறான்?"

இந்துமதி அவள் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள்: "மரம் சீவித்தான் கை அப்டி ஆச்சாம் அத்தே."

"மரம் சீவியா?" முத்தாயி பொக்கை வாயால் சிரித்தாள். "நான்தானே இவனுக்குத் தொட்டில் ஆட்டுனேன். தொட்டிலயே கை இப்டித்தான் மஞ்சளா மொத்தமா இருந்துச்சு. எங்கப்பனுக்கும் இதே கை. தொட்டில என்னா மரமா சீவுனான்?"

நான் சிரித்தேனா? சிரித்தேன். முப்பத்து மூன்று வருஷம் காத்திருந்த சிரிப்பு, அதை எப்படி அடக்குவது?

"இத்தன வருசமா இத ஏன் அத்தே சொல்லல?" என்று கேட்டாள் இந்துமதி.

"யாருடி கேட்டீங்க?"

முனியாண்டி எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது சட்டை மாற்றியிருந்தார். இரண்டு கையும் பைக்குள் இருந்தன. காரில் சிரம்பான் போய்ச்சேரும் வரை அரசியல் பேசினார்.

டாக்டர் ஷ்வேதா, "எப்பலேருந்து ஐயா இப்படி இருக்கு?" என்று கேட்டதும்தான் அந்தப் பழக்கம் எவ்வளவு பொல்லாதது என்று தெரிந்தது. கை தானாக வெளியே வந்து மேசையில் 'டொக்' என்று விழுந்தது. வாயும் தானாகத் திறந்தது. "நாலு மணிக்கு எந்திரிச்சு, இருட்டுல பெரட்டுல நின்னு, நெத்தியில விளக்கு..."

டாக்டர் கணினியில் தட்டத் தொடங்கினார். "அப்ப வேலைக்குப் போனப்புறம் வந்ததா ஐயா? எத்தனை வயசுல?"

வேலையால் வந்தது என்று அதில் ஏறிவிட்டால் தோலை வெட்டு, ரத்தம் எடு, மூன்று மாசம் காத்திரு, கேண்டீன் போயிற்று. பெரியவர் 'பதிமூணு' என்று சொல்ல வாயைத் திறக்கிறார்.

இந்துமதி வலது கைக் கையுறையைக் கழற்றினாள். கழற்றிய கையை மேசையில் அப்பாவின் கைக்குப் பக்கத்தில் மல்லாத்தி வைத்தாள். அவளுடைய கையும் 'டொக்' என்றது. அதே மஞ்சள், அதே கனம், மணிக்கட்டில் அதே சிவப்புக் கரை. பெரிய சுருக்கம் ஒன்று கட்டைவிரல் பக்கம் வளைந்து ஓடுமே, அதுகூட ஒன்றுபோலத்தான் இருந்தது. ஊரெல்லாம் தன் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்ன மனிதர் மகளின் கையைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வெடிப்பு ஒன்றின் மேல் அவர் விரல் நின்றது.

"வலிக்குதா?"

"ஒங்களுக்கு வலிக்குமாப்பா?"

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"பொறந்ததுலேருந்து" என்றார். "எழுதிக்குங்கம்மா. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு."

டாக்டர் எழுதினார். அந்தப் பெண் நல்ல பெண். எழுதி முடித்த பிறகு எங்களுக்குப் புரியும்படி விளக்கியும் சொன்னார். தோலின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நூல் நூலாக ஒரு புரதம் ஓடுகிறதாம், பெயர் கெரட்டின். முடியும் நகமும்கூட அதனால்தான் ஆனவையாம். தோலுக்கு மட்டுமில்லை, வாய்க்குள்ளே, குடலுக்குள்ளே என்று உடம்பின் மேல்மூடியாகவும் உள்மூடியாகவும் இருக்கிற எல்லா இடத்துக்கும் வகைவகையான கெரட்டின் உண்டாம். வேறொரு வகை கெட்டுப்போனால், லேசாக உரசினாலே கொப்புளம் கிளம்பும் குழந்தைகளும் இருக்கிறார்களாம். உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் என்றே தனியாக ஒன்று, ஒன்பதாம் நம்பர். அதைச் செய்யச் சொல்லும் மரபணுவில் ஓர் எழுத்து பிசகிவிட்டது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வர, பாதிக்குப் பாதி வாய்ப்பு. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. சோறு பிசைந்தால் ஒட்டாது.

"அந்த நூல் சரியா இல்லாததால, அழுத்தம் பட்டா உயிரணு தாங்காம உடையுது. உடைய உடைய, தோல் பயந்துபோய் மேல மேல அடுக்கு போட்டுக்கிட்டே இருக்கு. அதான் இந்தத் தடிப்பு" என்றார் டாக்டர்.

நான் இருபது வருஷம் கட்டடங்களுக்குக் கம்பியும் மணலும் ஏற்றியவன். எனக்கா புரியாது? "கம்பி சரியில்லாத சுவரு டாக்டர். உள்ள பலம் இல்லன்னு தெரிஞ்சதும் மேல சிமெண்ட அள்ளி அள்ளிப் பூசுறது. பாக்கறவனுக்குக் கோட்டை மாதிரி தெரியும்."

"கரெக்ட் ஐயா! நான் எம்பிபிஎஸ்ல படிச்சத ஒரே வரில சொல்லிட்டீங்க."

பார்த்தீர்களா, மூன்றாம் வகுப்பு! அந்தப் பெருமையோடு முனியாண்டியைப் பார்த்தேன். 'கம்பி சரியில்லை, மேலே பூச்சு' என்று அவர் முகத்துக்கு நேரே இன்னொரு தடவை சொல்லவேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ பக்கத்து வீட்டுக்காரர் மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல. இது தோலுக்கு மட்டும்தானா டாக்டர், மனுஷனுக்கும் உண்டா என்று கேட்க நினைத்தேன். பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

கடிதம் ஒன்பதாம் நாள் மேனேஜர் மேசைக்குப் போயிற்று. அதன் நகலைக் கேண்டீன் சுவரில் ஒட்டினாள் இந்துமதி. வாட்சாப்பில் படம் போட்டவன் மறுவாரம் இரண்டு ரொட்டி சானாய் கூடுதலாக வாங்கித் தின்றானாம். மன்னிப்பு கேட்கத் தெரியாதவர்கள் தின்னவாவது செய்கிறார்கள்.

டாக்டர் இருவருக்கும் ஒரு களிம்பு கொடுத்திருந்தார். நோய் போகாது, தடிப்பு குறையும், நிறுத்தினால் திரும்ப வரும், கையைத் தண்ணீரில் ஊறவைத்து, மேல்தோலை மெல்லச் சுரண்டிவிட்டு, ராத்திரி பூசிக்கொண்டு படுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். முனியாண்டி பூசமாட்டார் என்று கடையில் ஐந்து வெள்ளி பந்தயம் வைத்தேன். தோற்றேன். மகள் பூசிக்கொண்டு அப்பா கையை நீட்டச் சொல்வாளாம், அவரும் நீட்டுவாராம்.

மூன்று மாசம் அவர் கடைப்பக்கமே வரவில்லை. ஊரில் வேலை கஷ்டம் என்று பையன்கள் பயமில்லாமல் புலம்பித் திரிந்தார்கள். ஒரு காலை நேரத்தில் என் தெமியாங் கடைக்கு வந்தார். சுவரைத் தட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கேண்டீன் புது ஒப்பந்தத்துக்கு முன்பணம் கட்டணுமாம் தர்மராஜு. புள்ளைக்குக் கொஞ்சம் கொறையுது."

"எவ்வளவு வேணும் சொல்லுங்க! அஞ்சாயிரம்? பத்தாயிரம்? இப்பவே..."

"ஒங்கிட்ட கடன் கேக்க வரல. எனக்கு வரவேண்டியத வாங்கிட்டுப் போவ வந்தேன். தொள்ளாயிரம்."

கையை நீட்டினார். மல்லாத்தித்தான் நீட்டினார். பார் என்று சொல்லவில்லை, தொட்டுப் பார் என்று சொல்லவில்லை. மஞ்சள் இருந்தது, கரை இருந்தது, கனம் மட்டும் பாதியாகியிருந்தது. நடுவில் கொஞ்சம் இடத்தில், எழுபத்தாறு வயசில், குழந்தைத் தோல் மாதிரி இளம் சிவப்பு எட்டிப் பார்த்தது.

வாசகர்களே, ஒன்று கேட்கிறேன். இதைப் படித்து வரும்போது நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில் நீங்கள் உங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்களா? கையில் ஒன்றும் இல்லை என்று நிம்மதிப்படாதீர்கள். உங்களுடையது வேறு இடத்தில் தடித்திருக்கும். சிலருக்குப் படித்த பட்டத்தில், சிலருக்கு நேர்மையில், சிலருக்குப் பிள்ளை வளர்த்ததில். யாரும் கேட்காமலே மேசையில் எதையாவது 'டொக்' என்று போடுகிறீர்களா என்று பாருங்கள். முக்கியமாக, மூன்றாம் வகுப்பு, நான்கு லோரி, ஒரு கடைவீடு என்று ஒரே கட்டுரையில் எத்தனை தடவை சொன்னோம் என்று எண்ணிப் பார்க்கிற பழக்கமிருந்தால் நல்லது.

பெட்டியைத் திறந்தேன். ஐம்பது வெள்ளி நோட்டுக் கட்டை எடுத்தேன்.

"சில்லறையும் கலந்து குடு" என்றார்.

"எதுக்கு?"

"குடேன்லா."

கலந்து எடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்து எண்ணினேன். ஐம்பது, நூறு, நூற்றைம்பது. இது என் வியர்வைக் காசு என்று சொல்ல வாய் வந்தது, மூடிக்கொண்டேன். எண்ணூற்றைம்பது வரை ஐம்பதுகள். அப்புறம் பத்து வெள்ளி நோட்டுகள் நான்கு. இதுவரை எல்லாம் காகித நோட்டு. தொள்ளாயிரத்துக்கு இன்னும் பத்து பாக்கி, ஐந்து வெள்ளி நோட்டு இரண்டு. கடைசி இரண்டையும் சேர்த்து அவர் கையில் வைத்ததும் விரல்கள் சட்டென்று அசைந்தன.

"இது அஞ்சு வெள்ளி."

"எப்டித் தெரியும்?"

"வழுக்குது." கண்ணைத் திறக்காமலே கட்டைவிரலால் அந்தப் பிளாஸ்டிக் நோட்டை ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். "எப்பவுமே இப்டித்தான் வழுக்குமா?"

"எப்பவுமே இப்டித்தாண்ணே" என்றேன். "தொள்ளாயிரம். சரியா இருக்கு."

அவர் கையை மூடினார்.